மாமாவுக்குச் சோடியம் குறைந்த கதை

என் மாமனார் ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரி. முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி வைத்திருக்கிறவர்களுக்கு நூல் கொடுத்து, சேலையாக நெய்து வாங்கிக்கொள்வார். நான் போளூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இந்த இரண்டு தொழிலுக்கும் இடையில் தகராறு வர எந்த முகாந்திரமும் இல்லை. நான் மருமகளாக வந்து இத்தனை வருஷத்தில் வந்ததும் இல்லை. என் கணவர் அவருக்கு ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வந்தது.

அந்தப் போனுக்குள் ஒருவர் இருந்தார். தினமும் நாங்கள் இட்லி சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து முழுச் சத்தத்தில் பேசுவார். மனிதனுக்கு வருகிற எல்லா நோய்க்கும் ஒரே காரணம் கெமிக்கல் என்பது அவர் கட்சி. கெமிக்கல் என்ற சொல்லை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். கொஞ்ச நாளில் மாமாவும் அதே மாதிரி பல்லைக் கடிக்கப் பழகிவிட்டார்.

ஒரு நாள் காலை அவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அறிவித்தார்.

“இன்னையிலருந்து இந்த வூட்ல கெமிக்கல் கெடையாது. எல்லாரும் கேட்டுக்குங்க.”

என் கணவர் கேட்டுக்கொண்டே சாம்பார் ஊற்றிக்கொண்டார். மாமியார் காதில் விழாத மாதிரி சட்னிக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“கெமிக்கல்னா எது மாமா?”

“இன்னாம்மா, நீ டீச்சரு, என்னைக் கேக்கற? ஒடம்புக்கு ஆவாதது எல்லாம் கெமிக்கல்.”

“அப்படி இல்ல மாமா. கெமிக்கல்னா பொருள், அவ்ளோதான். இந்த இட்லி கெமிக்கல். நீங்க குடிக்கிற தண்ணி கெமிக்கல்.”

“தண்ணியா?”

“ஆமா.”

“அப்ப மழை பேஞ்சா கெமிக்கல் பேயுதா?”

“ஆமா மாமா.”

அவர் இட்லித் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “பொண்ணு பாக்கப் போனப்பவே இவங்க காலேஜுல இன்னா சொல்லிக் குடுக்கறாங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கணும்” என்றார்.

இது எனக்குப் பழக்கம்தான். வகுப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கறாராகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அதே சொல் இங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு முறை விடைத்தாள் திருத்தும்போது ‘ஆவியாதல்’ என்று சத்தமாகப் படித்துவிட்டேன். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு?” என்று மாமியார் கடிந்துகொண்டார். இன்னொரு முறை ‘மந்த வாயு’ என்று படித்தபோது, உருளைக்கிழங்கு சாப்பிட்டால் தனக்கும் அது வருகிறது, ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார். வேறு எந்தத் தனிமத்தோடும் சேராமல் ஒதுங்கி நிற்கிற ஹீலியத்துக்கும் நியானுக்கும் ஓமத் தண்ணீர் வைத்தியம் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் போளூர் பஸ்ஸில் திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் சோதனை நடந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்த பாக்கெட்டுகள் எல்லாம் தரையில் வரிசையாக நின்றன. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த பொடி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். சேலையில் ஒரு இழை அறுந்திருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிற கண் அது. ஆப்ப சோடா தோற்றுப்போய் ஒரு ஓரத்தில் கிடந்தது. அப்பளம், கடை மசாலா, கேக் செய்யலாம் என்று நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த எசென்ஸ் எல்லாம் அதன் பக்கத்தில்.

உப்புப் பாக்கெட்டைக் கையில் எடுத்தவர் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

“சோ-டி-யம் குளோ-ரை-டு!” என்று எழுந்தே நின்றுவிட்டார். “சோடியம்! தெரு வெளக்குல போடறது! மஞ்சக் கலருல எரிஞ்சிகினு இருந்துச்சே, அது! அதத் தூக்கி இத்தினி வருசமா கொழம்புல போட்டுகினு இருக்கீங்க!”

அவர் சொன்னதில் பாதி சரிதான். பழைய மஞ்சள் தெருவிளக்குகள் சோடிய ஆவி விளக்குகள். ஆனால் அந்தச் சோடியம் வேறு நிலை, உப்பில் இருக்கிற சோடியம் வேறு நிலை. பேர் ஒன்று, குணம் வேறு. இதை நான் விளக்க ஆரம்பித்தபோது மாமியார் குறுக்கே வந்தார்.

“பாக்கெட் உப்பு வேணாம்னா போவட்டும். நாட்டு மருந்துக் கடையில இந்துப்பு விக்குது. அத வாங்கியாறேன். பிரச்சினை முடிஞ்சுது.”

பிரச்சினை உண்மையிலேயே அங்கே முடிந்திருக்கும். மாமாவும் தலையை ஆட்டிவிட்டார். ஆனால் வேதியியல் படித்தவள் முன்னால் ஒருவர் தப்பாகச் சொல்லும்போது அதைத் திருத்தாமல் விடுவது எப்படி?

“இந்துப்பும் சோடியம் குளோரைடுதான் அத்தை” என்றேன்.

மாமா தர்க்கம் தவறாத மனிதர். “அப்ப அதுவும் வேணாம்” என்று முடித்துவிட்டார்.

மாமியார் அன்று என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு அடுப்பில் இரண்டு குழம்பு வைக்கப் போகிறவர் அவர்தானே.

அன்றிலிருந்து மாமாவுக்கு உப்பில்லாத சாப்பாடு. எங்களுக்கு உப்போடு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் உப்பைக் குறைப்பது நல்லதுதான் என்று நாங்களும் சமாதானமாகிவிட்டோம். அடுத்ததாகப் போன்காரர் தண்ணீரைப் பிடித்தார். உடம்பில் இருக்கிற நச்சை எல்லாம் அடித்துக்கொண்டு போக ஆல்கலைன் தண்ணீர் குடம் குடமாகக் குடிக்க வேண்டுமாம். செம்பில் ஊற்றி வைத்தாலே தண்ணீர் ஆல்கலைன் ஆகிவிடும் என்று மாமா ஒரு பெரிய செம்புக் குடம் வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். எழுந்ததும் ஒரு சொம்பு, பல் விளக்கியதும் ஒரு சொம்பு, கடைக்குப் போகும் முன் ஒரு சொம்பு. ருசிக்கு அதில் எலுமிச்சம்பழம் வேறு பிழிந்துகொள்வார்.

“ஆல்கலைன் தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சா அது ஆல்கலைனாவே இருக்காது மாமா” என்றேன்.

“ஆல்கலைனுக்குத் தமிழ்ல இன்னா பேரு?”

“காரம்.”

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “காரம்தான் வேணும்னா என் கொழம்புல இருக்குதே! அதத் துன்னுட்டு உப்பையும் ஒரு சிட்டிகை போட்டுக்கச் சொல்லு!”

நாக்கில் எரிகிற காரம் வேறு, அமிலத்துக்கு எதிராளியான காரம் வேறு என்று நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் பொதுவாக ஒரு பாடம் எடுத்தேன். இரண்டு பக்கமும் யாரும் கவனிக்கவில்லை. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

“பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவெச்சுத்தானே மாமா பசை எடுக்கறாங்க? சாயம் போடறப்போ ஆசிட் சேக்கறாங்க. அதெல்லாம் கெமிக்கல் இல்லியா?”

“பட்டு வேற, மனுசன் வேற” என்றார் மாமா. “பட்டுக்குப் பி.பி. வராது.”

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

சில வாரம் போனது. மாமா கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானார். தலைவலி என்றார். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டுகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் கணவர் எத்தனையோ முறை கூப்பிட்டார். நச்சு வெளியே போகும்போது இப்படித்தான் இருக்கும் என்று போன்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், தலைவலி கூடக் கூட மாமாவுக்கு நம்பிக்கையும் கூடியது. இன்னும் ஒரு சொம்பு குடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவுக்கார அம்மா நெய்து முடித்த சேலையைக் கொண்டுவந்தார். பல வருஷமாக எங்களுக்கு நெய்கிறவர். மாமா சேலையைப் பார்வையிடும் விதம் ஊரில் பிரசித்தம். முதலில் ஒன்றும் பேசாமல் மடிப்பைப் பிரிப்பார். பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கரையில் ஒன்று, உடலில் ஒன்று என்று குறை சொல்ல ஆரம்பிப்பார். குறையே இல்லாத சேலையாக இருந்தால், “மடிச்சது சரியில்ல” என்பார். எதிரே இருக்கிற நெசவாளியும் அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார். இரண்டு பேருக்கும் இது ஒரு விளையாட்டு மாதிரி.

அன்று மாமா சேலையைப் பிரித்தார். தடவிப் பார்த்தார். “பிரமாதம்” என்றார்.

அந்த அம்மா காத்திருந்தார். இனிமேல்தான் குறை வரும் என்று நினைத்திருப்பார்.

“பிரமாதம்மா. இந்த மாதிரி ஒரு சேலைய நான் பாத்ததே இல்ல.”

அந்த அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டார். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யக்கா, மொதலாளிக்கு ஒடம்பு சரியில்ல.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“சேல நல்லா இருக்குதுன்றாரு.”

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஆனால் மாமியார் சிரிக்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். நாங்களும் பின்னாலேயே போனோம். மாமா சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “போளூர் ஒண்ணு குடும்மா” என்றார்.

“மாமா?”

“டிக்கெட்டு. போளூர் ஒண்ணு. வண்டி எடுத்துட்டாங்க பாரு, ஜல்தி குடு.”

என் கணவர் ஆட்டோவுக்கு ஓடினார். நானும் மாமியாரும் மாமாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தோம். நடக்கும்போது கால்கள் பின்னின. ஆட்டோவில் உட்காரவைத்ததும் ஜன்னல் ஓர இடம் கிடைத்ததில் அவருக்குப் பரம திருப்தி. மாமியார் அவர் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் ஸ்ட்ரெச்சர் கேட்டு உள்ளே ஓடினேன்.

அது எங்கள் ஊரிலேயே ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு இளம்பெண். ரத்தம் எடுத்து, தலையை ஸ்கேன் செய்து, எல்லாம் முடிந்து எங்களைக் கூப்பிட்டார்.

“மூளையில ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. அவருக்குச் சோடியம் ரொம்பக் கம்மியா இருக்கு. அதான் இப்படிக் குழம்பிப் பேசறாரு.”

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சோடியம்னா அந்தத் தெரு வெளக்கா?”

“உப்பு அத்தை” என்றேன். “நம்ம ரத்தத்துல உப்பு கரைஞ்சு இருக்கும். அது கொறைஞ்சு போச்சு.”

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். உப்பு எவ்வளவு சேர்க்கிறார்? சேர்ப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார்? மாமியார் குடத்தின் அளவைக் கையால் காட்டினார். டாக்டரின் புருவம் உயர்ந்தது. என்ன மாத்திரை? என் கணவர் எடுத்துவந்திருந்த அட்டையைக் காட்டினார். பி.பி. மாத்திரைகளில் ஒன்று சிறுநீரோடு உப்பையும் வெளியே தள்ளுகிற வகை. உப்பு உள்ளே போகவில்லை, இருக்கிறதும் வெளியே போய்க்கொண்டிருந்தது, மிச்சமிருந்ததைத் தண்ணீர் நீர்க்கச் செய்துவிட்டது. நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிற பாடம். கரைபொருள் குறைந்து கரைப்பான் கூடினால் செறிவு குறையும். கண்ணாடி முகவையில் கலக்கிக் காட்டும்போது அது எவ்வளவு சாதுவாக இருக்கும்!

“ஜல்தியா உப்பை ஏத்துங்க டாக்டரம்மா” என்றார் மாமியார்.

“ஜல்தியா ஏத்தக் கூடாதும்மா. வேகமா ஏறினா மூளைக்குத்தான் கெடுதல். மெதுவா, பாத்துப் பாத்துத்தான் ஏத்தணும். தண்ணியையும் அளந்துதான் குடுக்கணும். சரியாயிடுவாரு.”

கட்டிலில் மாமா படுத்திருந்தார். கையில் ஊசி, மேலே தொங்குகிற பாட்டில், சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் விரித்த போர்வையின் ஓரத்தைத் தடவி, கரை கோணலாக இருக்கிறது என்று மாமா சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஒரு துளி தைரியம் வந்தது. குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாரே.

மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நகரவேயில்லை. “சோடியம்னா இன்னா, சரியா சொல்லு” என்று என்னைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பாடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சோடியம் தனியாக இருந்தால் ஒரு மெத்தென்ற உலோகம், கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு எரியும், அதனால் பள்ளிக்கூடத்தில் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்போம், குளோரினோடு சேர்ந்துவிட்டால் அந்தச் சீற்றமெல்லாம் போய்ச் சாப்பாட்டு உப்பாகிவிடும் என்று சொன்னேன்.

“ஜோடி சேந்தா அடங்கிடுதுன்றியா?”

“ஆமா அத்தை.”

அவர் கட்டிலைப் பார்த்தார். “இவுரு அடங்கலியே” என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா கண்ணைத் திறந்தார். மாமியாரை நேராகப் பார்த்தார். அறிமுகமில்லாத ஒருவரிடம் பஸ்ஸில் பேச்சுக் கொடுப்பது போல, மரியாதையாகக் கேட்டார்.

“உங்களுக்கு எந்த ஊரும்மா?”

எனக்கு மாமியாரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

“தேவிகாபுரங்க.”

“அப்படியா! நான்கூட அங்கதான் பொண்ணு எடுத்தேன்.”

“பொண்ணு எப்படிங்க?”

“நல்ல பொண்ணு” என்றார் மாமா. கொஞ்சம் யோசித்தார். “தங்கமான பொண்ணு. வாய்தான் கொஞ்சம் அதிகம்.”

மாமியார் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதார். “இத்தினி வருசத்துல ஒரு வாட்டி இத என் மூஞ்சிக்கு நேரா சொன்னதில்லடி” என்று என்னிடம் சொன்னார். வாய் அதிகம் என்றதையா, தங்கம் என்றதையா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார் என்று அப்போதுதான் எங்களுக்கு உறுதியானது. பசிக்கிறது என்றார். கஞ்சி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு கம்மி” என்றார். அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம். “இன்னா பாக்கறீங்க? கம்மின்னா கம்மி” என்றார்.

தெளிவு வந்ததும் அவர் கண் முதலில் போனது பாட்டிலின் மேல். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இது இன்னாம்மா?”

“சோடியம் குளோரைடு மாமா.”

“கெமிக்கலு?”

“ஆமா.”

சொட்டுகள் விழுவதை ஒரு நிமிடம் பார்த்தார். “சரி, ஓடட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. படுத்தே கிடக்கிறவருக்கு வேறு என்ன வேலை? டாக்டரும் நர்ஸும் பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டார். எலக்ட்ரோலைட் என்றால் என்ன? தண்ணீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்துகிற பொருள். “அப்ப என் ஒடம்புல கரண்டு ஓடுதா?” ஓடுகிறது மாமா, அதனால்தான் மூளையே வேலை செய்கிறது. “கரண்டு கட் ஆனதாலதான் அன்னிக்கி அப்படிப் பேசினேனா?” கிட்டத்தட்ட. இது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “ஒண்ணுமில்ல, கரண்டு கட்டு” என்று சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொரு பாட்டிலை மாட்டும்போது, இது நார்மல் சலைன், அதாவது உப்புத் தண்ணீர் என்று நர்ஸ் சொன்னதும், “அப்நார்மல் சலைன்னு ஒண்ணு இருக்குதா?” என்று கேட்டார். நான் ஆர்வக்கோளாறில், வேதியியலில் நார்மல் என்பது செறிவுக்கு ஒரு அளவு, அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்த நார்மல் சலைன் நார்மலே இல்லை என்று சொல்லிவிட்டேன். மாமா உடனே மணியை அடித்தார். நர்ஸ் ஓடிவந்தார்.

“இது நார்மல் இல்லியாம். எங்க டீச்சரம்மா சொல்லுது. வேற மாத்துங்க.”

நர்ஸுக்கு நான் விளக்கம் சொல்லி முடிக்கப் பட்ட பாடு பெரிய பேஜார். பொதுத்தேர்வுக் கண்காணிப்பாளர் முன்னால்கூட நான் அப்படி விழித்ததில்லை. மாமியார் என் கையைக் கிள்ளி, “கம்முனு இரு” என்றார். இந்த முறை கம்மென்று இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். உப்பை அடியோடு விடவும் கூடாது, அள்ளிப் போடவும் கூடாது, தண்ணீர் இவ்வளவுதான் என்று மாமாவிடமே சொன்னார். மாமாவும் அதைத் தட்டவில்லை. வீட்டில் அடுப்பு மறுபடி ஒரே குழம்புக்குத் திரும்பியது. போன்காரர் இப்போதும் பேசுகிறார். ஆனால் மாமா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பாதி கேட்டுவிட்டு, “இது நிஜமா?” என்று என்னைப் பார்க்கிறார். எனக்கு இது ஒரு பெரிய பதவி உயர்வு.

போன வாரம் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவருக்குப் புதுசாக ஒரு யோசனை. சென்னையிலிருந்து சேலை வாங்க வருகிறவர்கள் எல்லாம் ஆர்கானிக், ஆர்கானிக் என்று கேட்கிறார்களாம். கடைப் பெயர்ப் பலகையில் ‘ஆர்கானிக் பட்டு’ என்று எழுதிவிட்டால் என்ன?

“தாராளமா எழுதலாம் மாமா. ஆர்கானிக்னா வேதியியல்ல கார்பன் இருக்கிற பொருள். பட்டுல கார்பன் இருக்கு.”

அவர் முகம் மலர்ந்தது.

“ஆனா பிளாஸ்டிக் கவரும் ஆர்கானிக்தான். பெட்ரோலும் ஆர்கானிக்தான்.”

மலர்ந்த முகம் பாதியில் நின்றது. “அப்ப பலகையில இன்னான்னு எழுதறது?”

“பட்டுன்னு எழுதுங்க.”

“அதுக்கு உங்க பாஷையில இன்னா பேரு?”

“புரோட்டீன்.”

“புரோட்டீனா? முட்டையில இருக்குதுன்றாங்களே, அதுவா?”

“அதே ஜாதிதான் மாமா.”

“அப்ப சேலையும் ஆம்லெட்டும் ஒண்ணுன்றியா?” என்று அவர் ஆரம்பிக்கும்போது தெருமுனையில் போளூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு நான் ஓடினேன்.